‘சைலன்சர்தான் தம்பி’ என்று விற்பவர் சொன்னால் நம்பலாமா? பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு காது வைத்தியம்

[கறுப்புத் திரை. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் சத்தம் மட்டும்.]

இன்னொரு தடவை கேளுங்கள்.

[அதே சத்தம் மறுபடியும்.]

தொடக்கத்தில் ‘கறகற’வென்று ஒன்று வந்துவிட்டு ஓடி ஒளிகிறதே, பிடிபட்டதா? பிடிபட்டவர்கள் கமெண்டில் ஒரு ‘ஆமா’ போடுங்கள். மற்றவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாருங்கள். என் முதல் டீசல் காரை வாங்கிய அன்று எனக்கும் இது பிடிபடவில்லை. டைமிங் செயின் (எஞ்சினின் கேம்ஷாஃப்டைச் சுற்ற வைக்கும் சங்கிலி), டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய் போச்சு.

வணக்கம் மக்களே. இப்போது கீழக்கரையில் ஒரு சந்து முனையில் நிற்கிறேன். மணி காலை ஆறரை. நண்பருக்காக ஒரு கார் பார்க்க வந்திருக்கிறோம். விற்கிற காக்காவிடம் (இந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நேற்றே போனில் கெஞ்சியிருந்தேன்: “நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் போட்டுறாதீங்க காக்கா.”

ஏன் இந்தக் கெஞ்சல்? ராத்திரி முழுக்க நிற்கும் வண்டியில் ஆயில் பெரும்பாலும் கீழே இருக்கும் தொட்டிக்கு, அதாவது சம்ப்புக்கு, இறங்கிவிடும். ஸ்டார்ட் போட்டதும் அது மேலேறி எல்லா இடத்துக்கும் போய்ச்சேர ஓரிரு நொடி பிடிக்கும். நிறைய எஞ்சின்களில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. செயின் நீண்டுபோயிருந்தால் அந்த நொடிகளில்தான் கறகறக்கும். அதனால் முதலில் பானெட்டில் புறங்கையை வையுங்கள். சூடாக இருக்கிறதா? டீ குடித்துவிட்டு வந்தால் ஆறிவிடாது. “சரி, நாளைக்குக் காலையில வர்றோம்” என்று கிளம்பிவிடுங்கள்.

எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே வந்த பாடம். தாண்டிப் போகிறேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு சுற்று.

எந்தச் சத்தம் எது என்று பிரித்தறிவதில்தான் விஷயமே இருக்கிறது. தையல் கடை வாசலில் நின்றிருக்கிறீர்களா? ‘டிக்டிக்டிக்’ என்று லேசாக, சீராக, மேலிருந்து வந்தால் அது டேப்பட், வால்வைத் தள்ளிவிடும் பாகம். வால்வு இடைவெளி கூடியிருக்கும். சரிசெய்கிற வேலை பெரும்பாலும் சில ஆயிரத்தில் முடியும். இதற்குப் பயந்து நல்ல வண்டியை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

உலக்கை வேறு. உரலில் நெல் குத்தும் சத்தம் கேட்ட தலைமுறை இந்த வீடியோ பார்க்கிறதா தெரியவில்லை, பாட்டியிடம் கேளுங்கள். அடியிலிருந்து ‘டொக், டொக்’ என்று கனமாக வரும். அது கனெக்டிங் ராடு பேரிங், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டின் பேரிங். நியூட்ரலில் நிமிடத்துக்கு 2,500 சுற்று வரை ஏற்றிவிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். வேகம் இறங்கும்போது ‘டொடொடொக்’ என்று இடித்தால், விலை பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம்.

டேப்பட்தானா என்று சந்தேகமாக இருந்தால் எண்ணிப் பார்க்கலாம். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, கிராங்க் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் நொடிக்குப் பதிமூன்று. கேம்ஷாஃப்ட் அதில் பாதி. ஒரே ஒரு வால்வின் டேப்பட் தட்டினால் நொடிக்கு ஆறேழு தட்டு. என்னால் எண்ண முடிந்ததில்லை. போனில் பதிவு செய்து மெதுவாக ஓட்டிக் கேட்டால் தெரிகிறது.

இந்தக் காது வித்தையை நான் கற்றது பாம்பனில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அப்போது படகுகளைக் கரையேற்றி எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். அதில் பல, லாரி எஞ்சினைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றியவை. அங்கே ஒரு படகு டிரைவர் அண்ணன் சொன்னது இன்னும் மறக்கவில்லை: தூங்கும்போது எஞ்சின் சத்தம் லேசாக மாறினாலும் பலகையில் படுத்திருக்கிற முதுகு எழுப்பிவிடுமாம்! நமக்கு அவ்வளவு முதுகு கிடையாது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதுப் பக்க எலும்பில் அழுத்துங்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரி எந்த மூலையில் சத்தம் என்று துல்லியமாகக் காட்டும். தோளில் துண்டு போட்டிருந்தால் கழற்றிவிட்டுக் குனியுங்கள், பெல்ட்டும் ஃபேனும் துண்டுக்காகவே காத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய மெக்கானிக் சிலர் டீசல் எஞ்சினில் இன்ஜெக்டருக்கு (டீசலைப் பீய்ச்சும் பாகம்) வரும் குழாயின் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் தட்டுகிறது என்று பார்ப்பார்கள். புது காமன்ரெயில் வண்டியில் (ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை) யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள். அந்தக் குழாய்க்குள் அழுத்தம் 1,000 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) மேலும் ஏறக்கூடும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பெல்ட் கீச்சிட்டால் சின்னச் செலவு. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) லேசாக விசிலடிக்கலாம், ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஊளையிடக் கூடாது. அடுத்து.

[சந்துக்குள் கார் மெல்லப் போகிறது. இருபுறமும் உயரச் சுவர்.]

இதற்குத்தான் கீழக்கரை எனக்குப் பிடிக்கும். இந்தக் குறுகிய சந்துகளில் ஜன்னலை இறக்கிவிட்டு முதல் கியரில் ஓட்டுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தில் சைலன்சர் கசிவு, கழன்ற தகடு எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும். பாம்பன் சாலைப் பாலத்தில் டெஸ்ட் டிரைவ் போனால் காற்றுதான் கேட்கும். ஆனால் அந்த ஏற்றத்தில் ஜன்னலை மூடிக்கொண்டு, எஞ்சினுக்குப் பாரம் ஏறும்போது தட்டுகிறதா என்று கவனிக்கலாம். பாலத்தில் நிறுத்தி செல்ஃபி எடுக்காதீர்கள்.

இனி நம்ம ஊர் உப்பு. ‘சைலன்சர்தான்’ என்பது விற்பவர்களின் தேசிய கீதம். ஆனால் இந்தக் கரையில் அது பாதி நேரம் உண்மை! உப்புக்காற்று சைலன்சரையும் வெப்பத் தடுப்புத் தகட்டின் பிடிகளையும் தின்றுவிடும். 2017-இல் அரிச்சல்முனைக்குச் சாலை வருவதற்கு முன் தனுஷ்கோடிக்கு மணலிலும் கடல்நீரிலும் ஓடிய வேன் என்றால் காதை வைக்கும் முன் அடியில் படுத்துப் பாருங்கள். சைலன்சரா என்று சோதிக்க, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் போட்டு, தடித்த துணியால் புகைக்குழாய் வாயைச் சில நொடி மட்டும் பொத்துங்கள். நடுவில் எங்கோ ‘புஸ்’ என்றால் கசிவு அங்கே.

இன்னொரு பித்தலாட்டம்: கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்குவது. அதனால்தான் இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு மறுபடியும் கேட்கச் சொல்கிறேன். ஆயில் இளகியதும் உலக்கை வெளியே வரும்.

காக்காவின் காருக்கு வருவோம். ஆறிய எஞ்சினில் ‘டிக்டிக்’ இருந்தது. “சைலன்சர்தான் தம்பி” என்றார். நண்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பத்து நிமிடம் ஓட்டியதும் சத்தம் முழுசாகப் போய்விட்டது. இரும்பு சூடேறி விரிந்து இடுக்கு அடைபட்டால் அப்படித்தான்: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயின் இணைப்பில் இருக்கும் அடைப்புத் தகடு. கிட்டத்தட்ட உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார் மனுஷன்! 5,000 குறைத்து வாங்கிவிட்டோம்.

உங்களுக்கும் சந்தேகச் சத்தம் இருந்தால் பதிவு செய்து அனுப்புங்கள். ஆறிய ஸ்டார்ட் ஒன்று, இருபது நிமிடம் ஓட்டிய பிறகு ஒன்று. ஒன்றை மட்டும் அனுப்பினால் பதில் வராது.