ஆளில்லா டாக்ஸி எந்த ஊருக்கு வரும்?

நேயர்களுக்கு வணக்கம்.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். அதனால் ஓட்டுநர் இல்லாத டாக்ஸியைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் அக்கம்பக்கத்தார் என்னிடம்தான் வருகிறார்கள். எல்லோருக்கும் கேள்வி ஒன்றே: "சார், இது நாகர்கோவில் வேப்பமூடு சந்திப்பில் ஓடுமா?" இப்போதைக்கு ஓடாது என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. வேப்பமூட்டுக்கு அந்த வண்டி வராமலே போகலாம். ஆனால் அது நம் மாவட்டத்தைத் தொட வேறு வழிகள் உண்டு.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கூகுள் 2009-இல் தொடங்கிய ஆராய்ச்சி, 2016-இல் வேமோ என்ற தனி நிறுவனமாயிற்று. 2018 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் கட்டணச் சேவை தொடங்கியது. ஸ்டியரிங்கின் முன் ஆளே இல்லாத வண்டியில் பொதுமக்கள் ஏற முடிந்தது 2020 அக்டோபரில். சான் பிரான்சிஸ்கோவில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்றானது 2024 ஜூனில். அதன் பின் வேகம் பிடித்துவிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ், 2025 மார்ச்சில் ஆஸ்டின், ஜூனில் அட்லாண்டா. முதல் ஊரில் கால் ஊன்றப் பத்தாண்டு பிடித்தவர்கள், எட்டு மாதத்துக்குள் மூன்று ஊர்களுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு வண்டி ஓட்டக் கற்றுவிட்டால் எந்த ஊரிலும் ஓட்டும் என்று நாம் நினைக்கிறோம். மனிதர்கள் அப்படித்தான். தக்கலையில் உரிமம் வாங்கியவர் தில்லியிலும் தட்டுத்தடுமாறி ஓட்டிவிடுவார். இந்த வண்டியோ ஊரைத் தேர்ந்தெடுத்துத்தான் போகிறது. ஃபீனிக்ஸைப் பாருங்கள்: பாலைவன ஊர், மழை அபூர்வம், அகலமான நேர்ச்சாலைகள். அந்த மாநிலத்தின் ஆளுநர் 2015-லேயே சோதனை ஓட்டத்துக்கு ஆணை பிறப்பித்து வரவேற்றுவிட்டார். வானமும் அரசும் ஒருசேர அனுகூலமாக இருந்த இடம் அது.

சான் பிரான்சிஸ்கோவில் ஓடிய ஜாகுவார் கார் ஒவ்வொன்றிலும் 29 கேமராக்கள், 6 ரேடார்கள், 5 லைடார்கள். லைடார் என்பது ஒளிக்கதிரைப் பாய்ச்சி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளக்கும் கருவி. கனமழையில் அந்த ஒளி துளிகளிலேயே பட்டுச் சிதறும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் என்பதில் நமக்குப் பெருமை. லைடாருக்கு அது தலைவலி.

அடுத்தது வரைபடம். சாலையின் விளிம்பு எங்கே, கோடு எங்கே, சிக்னல் விளக்கு எந்த உயரத்தில் என்று மிக நுட்பமாக வரைந்துவைத்த படத்தோடு, தான் காண்பதை ஒப்பிட்டபடியேதான் வேமோ வண்டி ஓடுகிறது. ஆகவே ஒவ்வொரு புதிய ஊரையும் முதலில் அளக்க வேண்டும். சேவையும் குறித்துவைத்த எல்லைக்குள்தான். நம் ஊரில் காலையில் அளந்த சாலை மாலையில் குழாய் பதிக்கத் தோண்டப்பட்டிருக்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்தியாவில் 2021-இல் வந்த புவியிடத் தரவு வழிகாட்டுதலின்படி, ஒரு மீட்டரைவிட நுட்பமான வரைபடத்தை இந்திய நிறுவனங்களே உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு நிறுவனம் தன் வண்டியைக் கொண்டுவந்து தெருத்தெருவாக அளந்துகொண்டு போக முடியாது. இந்த விதியைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை.

கோளாறுகளையும் சொல்ல வேண்டும். வாயிற்கதவு, தடுப்புச் சங்கிலி போன்றவற்றில் வண்டிகள் மோதியதால், 2025 மே மாதம் 1,212 வண்டிகளின் மென்பொருளைத் திருத்தியதாக வேமோ அறிவித்தது. சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டத்தன்று சாலையை மறித்துக் கட்டும் கயிறு எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பெரிய மின்தடை. சிக்னல்கள் அணைந்துபோக, வண்டிகள் பல சந்திப்புகளில் அப்படியே நின்றுவிட்டன. சிக்னல் எரியாத சந்திப்பைக் கடப்பதில் நம் ஆட்டோக்காரர்களுக்கு இருக்கும் அனுபவத்தை அங்கே யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

இவையெல்லாம் தீர்க்கக்கூடிய பிரச்சினைகள், தீர்த்தும்விடுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, மோதினால் யார் பொறுப்பு என்பது.

2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்தார். காரில் கண்காணிப்புக்காக ஒருவர் அமர்ந்திருந்தார். வழக்கு அவர்மீதே பாய்ந்தது. 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். நிறுவனத்தின்மீது குற்றவழக்கு இல்லை. உள்ளே ஓர் ஆள் இருந்தால் பழி அந்த ஆளுக்கு.

ஆளே இல்லாவிட்டால்? 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில், வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண், ஜெனரல் மோட்டார்ஸின் க்ரூஸ் நிறுவன ஆளில்லா காரின் முன் விழுந்தார். அது அவர்மீது மோதி நின்றது. அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஓரமாக ஒதுங்க வேண்டும் என்று தன் போக்கில் முடிவுசெய்து, அடியில் சிக்கியிருந்தவரை இருபது அடி தூரம் இழுத்துச் சென்றது. கலிபோர்னியா மோட்டார் வாகனத் துறை அந்த மாதமே உரிமத்தை நிறுத்திவைத்தது. நடந்ததை நிறுவனம் முழுமையாகக் காட்டவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்ஸி முயற்சியையே கைவிட்டது.

ஆளில்லா கார் விதியை மீறினால் போலீஸார் நிறுவனத்துக்கே அறிவிப்பு அனுப்ப வழிசெய்யும் சட்டத்தைக் கலிபோர்னியா 2024-இல்தான் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரக் குறித்த தேதியோ 2026 ஜூலை. வண்டி தெருவுக்கு வந்து எத்தனை ஆண்டுக்குப் பின் சட்டம் வருகிறது, பாருங்கள்.

இங்கே விபத்தில் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் வழக்குப் பதிவாகும், ஓட்டுநர் பெயரில். ஓட்டுநரே இல்லாவிட்டால் அந்த இடத்தில் யார் பெயரை எழுதுவது? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 2பி என்றொரு பிரிவு, புதுமைக் கண்டுபிடிப்புகளுக்காகச் சில வாகனங்களுக்கு விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆக, சோதனைக்கு வழி இருக்கிறது. பொறுப்புக்குத்தான் வழி தெரியவில்லை. மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2023 டிசம்பரில் நாகபுரியில் பேசும்போது, ஓட்டுநர்கள் வேலை இழப்பார்கள் என்பதால் இத்தகைய கார்களை இந்தியாவுக்குள் வர விடமாட்டேன் என்றார்.

நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி அல்ல. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். வேமோ வண்டிகள் ஆளில்லாமல் ஓடிய 5.67 கோடி மைல்களை ஆராய்ந்தபோது, பாதசாரிகள் காயமடையும் விபத்துகள் மனித ஓட்டுநர்களோடு ஒப்பிட 92 விழுக்காடு குறைவு என்று தெரிந்தது. எழுதியவர்கள் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே, ஓடியதும் தேர்ந்தெடுத்த ஊர்களில். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் அலட்சியப்படுத்தக்கூடிய எண் அல்ல அது.

இனி நம் மாவட்டம். முதல் வழி வளைகுடா. இங்கிருந்து எத்தனை பேர் கார் ஓட்டப் போயிருக்கிறார்கள் என்பதை மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து வீடுகளைப் பார்த்தாலே தெரியும். அபுதாபியில் சீனாவின் வீரைடு நிறுவனமும் ஊபரும் சேர்ந்து 2024 டிசம்பரில் தானோட்ட டாக்ஸியைத் தொடங்கின. அடுத்த ஆண்டு நவம்பரில் உள்ளே ஆள் இல்லாமலே கட்டணச் சேவை ஓடத் தொடங்கியது. 2030-க்குள் பயணங்களில் நான்கில் ஒரு பங்கைத் தானோட்ட முறைக்கு மாற்றுவது துபாயின் இலக்கு. ஃபீனிக்ஸில் சொன்ன அத்தனை அனுகூலமும் அங்கே உண்டு: அகலச் சாலை, தெளிவான கோடு, குறைந்த மழை, ஆர்வமுள்ள அரசு. கட்கரி தில்லியில் கதவைச் சாத்தினாலும் துபாயில் ஸ்டியரிங் பிடிக்கும் கருங்கல்காரருக்கு அந்தக் கதவு உதவாது. டாக்ஸி ஓட்டப் போகலாம் என்று விசாவுக்குக் கடன் வாங்கும் தம்பிமார் ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்பதைப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். பேருந்து, கனரக வாகன உரிமமும், மின்வண்டிப் பராமரிப்புப் பயிற்சியும் கையில் இருந்தால் நல்லது. ஆளில்லா வண்டியையும் யாராவது ஒருவர் கழுவி, சார்ஜ் ஏற்றி, கேமராக் கண்ணாடியைத் துடைக்கத்தான் வேண்டும். சம்பளம் அதே சம்பளமாக இராது என்பதையும் மறைக்க நான் விரும்பவில்லை.

இரண்டாவது வழி அரல்வாய்மொழி. முழு வண்டி வராவிட்டாலும் அதன் உறுப்புகள் வரும். எதிரே தடை கண்டால் தானே பிரேக் பிடிக்கும் அமைப்பு, ஓட்டுநர் கண் சொக்கினால் எச்சரிக்கும் கருவி ஆகியவற்றைப் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் கட்டாயமாக்கும் வரைவு விதிகளை மத்திய அரசு 2025-இல் வெளியிட்டது. அரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரை கனிமம் ஏற்றிய டாரஸ் லாரிகள் இரவும் பகலும் எப்படிப் போகின்றன என்பதை இந்தச் சாலைகளில் இருசக்கர வாகனம் ஓட்டுபவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த லாரிகளில் இக்கருவிகள் வந்தால் முதலில் மகிழ்பவன் நான்.

ஆனால் ஒன்று. தானாகப் பிடித்தாலும் காலால் மிதித்தாலும் பிரேக் அதே பிரேக்தான். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் லாரி நிற்கும் தூரம் நீளும். தேய்ந்த டயரும் நனைந்த சாலையும் சேர்ந்தால் இன்னும் நீளும். கேமரா நூறு மீட்டருக்கு முன்னால் ஆளைப் பார்த்துவிட்டாலும், மிகை பாரம் ஏற்றிய வண்டி அதற்குள் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எனவே மாவட்டத்தின் எல்லையில் ஒவ்வொரு லாரியையும் எடை மேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அதற்கு லைடார் வேண்டாம், வரைபடமும் வேண்டாம், நாளைக்கே செய்யலாம்.

நன்றி, வணக்கம்.