மிச்சமிருந்த 90 அடி

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது, ஜெயித்த கதை ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எடுத்து வந்திருப்பது தோற்ற கதை. அதுவும் பேஸ்பால்.

கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து அணி. பெயரில் கான்சஸ், இருப்பது மிசௌரியில். ஏன் என்று கேட்டால் அது தனிக்கதை. வேலை நிமித்தம் சில வருடங்கள் அந்த ஊரில் இருந்தேன். அப்படி ஒட்டிக்கொண்ட பித்து இது.

கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலில் அடித்தவர் மூன்று பேஸ்களைத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால்தான் ஒரு ரன். ஒவ்வொன்றுக்கும் இடையே 90 அடி. மூன்றாவது பேஸ் வரை வந்து நின்றுவிட்டால் கணக்கில் பூஜ்யம்தான்.

2014 அக்டோபர் 29. உலகத் தொடர், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டி; நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கோப்பை. அதன் ஏழாவது ஆட்டம், காஃப்மன் மைதானத்தில். எதிரணி சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ். ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். ராயல்ஸ் கடைசியாகக் கோப்பையைத் தொட்டது 1985இல். அதற்கப்புறம் 29 வருடம், லீக் ஆட்டங்கள் முடிந்தபின் நடக்கும் கோப்பைச் சுற்றின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. அந்தச் செப்டம்பர் 30ஆம் தேதி ஓக்லண்டுக்கு எதிரான ஆட்டத்தை 12ஆவது இன்னிங்ஸில் 9-8 என்று பிடுங்கினார்கள். ஜெயிக்க வைத்த அடி கேட்ச்சர் சால்வடோர் பெரெஸுடையது. பிறகு ஏஞ்சல்ஸ், ஓரியோல்ஸ் அணிகளை ஒரு ஆட்டம்கூட விடாமல் துடைத்தார்கள். ஊரே நீலச் சட்டைக்குள் புகுந்துவிட்டது.

நான் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு உட்கார்ந்து பார்த்தேன். 1985 கோப்பையைக் கண்ணால் பார்த்தவர். நான்காவது இன்னிங்ஸுக்குள் ஜயன்ட்ஸ் 3, நாங்கள் 2. ஐந்தாவது இன்னிங்ஸில் மேடிசன் பம்கார்னர் பந்து வீச வந்தார். மூன்று நாள் முன்புதான் ஒன்பது இன்னிங்ஸும் வீசி, ஒரு ரன்கூடக் கொடுக்காமல் எங்களைத் தோற்கடித்தவர். தோள் வலிக்கும், இரண்டு இன்னிங்ஸ் தாங்குவாரா என்று பேசிக்கொண்டோம். முதல் ஆளை ஒரு அடி அடிக்க விட்டார். அப்புறம் வரிசையாக 14 பேர் அவுட். பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், வழக்கமான கடைசி இன்னிங்ஸ். இரண்டு பேர் போயாயிற்று, இன்னும் ஒருவர் போனால் முடிந்தது. அலெக்ஸ் கோர்டன் இடது நடுப்பக்கம் ஒன்று அடித்தார். சாதாரண சிங்கிள், ஒரு பேஸுக்கான அடி. ஓடி வந்த கிரெகர் பிளாங்கோவை ஏமாற்றிவிட்டுப் பந்து சுவர்வரை உருண்டது. அங்கே ஜயன்ட்ஸின் ஹுவான் பெரெஸும் அதைத் தடுமாறித்தான் எடுத்தார். கோர்டன் இரண்டாவது பேஸைத் தாண்டி ஓடுகிறார். பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூன்றாவது பேஸ் பயிற்சியாளர் மைக் ஜிர்ஷேல் இரண்டு கையையும் தூக்கினார். நில் என்று அர்த்தம். கோர்டன் நின்றார். சமனுக்கு 90 அடி பாக்கி.

அடுத்து வந்தவர் அதே சால்வடோர் பெரெஸ். அன்று இரண்டாவது இன்னிங்ஸில் பந்து காலில் பட்டு, வலியோடு ஆடிக்கொண்டிருந்தார். பம்கார்னர் வேகப்பந்தை மேலே, இன்னும் மேலே என்று எறிந்தார். பெரெஸ் தூக்கி அடித்த பந்து பக்கக் கோட்டுக்கு வெளியே ஏறி இறங்கியது. பாப்லோ சாண்டோவால் பிடித்துக்கொண்டு அப்படியே மல்லாந்தார். பெரியவர் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். வெகு நேரம் குழாய்த் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

கோர்டனை விரட்டியிருக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் சண்டை போட்டவன் நான். அந்தக் காட்சியை எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேனோ. பார்க்கப் பார்க்க என் கட்சிதான் இளைத்தது. கோர்டன் மூன்றாவது பேஸை நெருங்கும்போது ஜயன்ட்ஸின் பிராண்டன் கிராஃபோர்டு கையில் பந்து இருக்கிறது. நல்ல எறிகாரர். ஓடியிருந்தால் பல அடி முன்னாலேயே அவுட். ஜிர்ஷேல் செய்தது சரி. அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று.

என்னைக் கேட்டால், ஆட்டம் கைவிட்டுப் போனது மூன்றாவது இன்னிங்ஸில். 2-2 சமன், யாரும் அவுட் இல்லை, முதல் பேஸில் லொரன்சோ கெய்ன். எரிக் ஹோஸ்மர் நடுவில் அடித்த பந்தை ஜோ பானிக் பாய்ந்து விழுந்து பிடித்து, கையுறையாலேயே இரண்டாவது பேஸுக்குத் தள்ளிவிட்டார். கெய்ன் அவுட். ஹோஸ்மர் முதல் பேஸுக்குத் தலை முன்னாகப் பாய்ந்தார். நடுவர் முதலில் தப்பினார் என்றார். வீடியோ பார்த்து அவுட் என்று மாற்றினார்கள். மயிரிழை. பாயாமல் ஓடியே கடந்திருந்தால் பிழைத்திருப்பார் என்பது இன்றைக்கும் என் வாதம். ஆனால் ஒன்பதாவது இன்னிங்ஸை மறக்காதவர்கள் மூன்றாவதைப் பேசுவதில்லை.

சரி, அடுத்த வருடம். 2015 நவம்பர் 1, நியூயார்க், மெட்ஸுக்கு எதிரான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். மறுபடி ஒன்பதாவது இன்னிங்ஸ், மறுபடி ஒரு ரன் பின்னால். மூன்றாவது பேஸில் இந்தத் தடவை ஹோஸ்மர். மட்டை பிடித்து நிற்பவர் மறுபடி பெரெஸ். மெதுவாக ஒரு பந்து டேவிட் ரைட்டிடம் உருண்டது. ஹோஸ்மரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரைட் முதல் பேஸுக்கு எறிந்தார். பந்து கையை விட்டதும் ஹோஸ்மர் ஓட ஆரம்பித்தார்.

மாதக்கணக்கில் 'ஓடியிருக்கணும்' என்று தொண்டை வற்றப் பேசிய நான், டிவி முன்னால் எழுந்து நின்று கத்தினேன்: "ஓடாதே! நில்லு!"

முதல் பேஸிலிருந்து திருப்பி எறிந்த பந்து விலகிப் போயிற்று. ஹோஸ்மர் உள்ளே. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் 7-2, கோப்பை எங்களுக்கு. பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்து, யாரை நிற்கச் சொன்னாய் என்று கேட்டார்.