கல்லறைக்குழி தோண்டிய ஆட்டக்காரர்

நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "1970களின் அமெரிக்க பேஸ்பால் அட்டை ஒன்றின் பின்பக்கத்தில், இந்த வீரர் குளிர்காலத்தில் கல்லறைக்குழி தோண்டுகிறார் என்று அச்சிட்டிருந்ததாகப் படித்தேன். சிறுவர்களைச் சிரிக்கவைக்க எழுதியதா? இத்தகைய செய்திகளை நம்பலாமா?"

பேஸ்பால் அட்டை என்பது முன்பக்கத்தில் வீரரின் படமும் பின்பக்கத்தில் அவரைப் பற்றிய குறிப்பும் கொண்ட, சிறுவர்கள் சேகரிக்கும் சிறு அட்டை. நீங்கள் படித்த வீரர் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ரிச்சி ஹெப்னர். செய்தி உண்மை. மாசசூசெட்ஸில் அவருடைய தந்தை கவனித்துவந்த கல்லறைத் தோட்டத்தில், குழி ஒன்றுக்கு 35 டாலர் வாங்கிக்கொண்டு மண்வெட்டி பிடித்தவர் அவர். 1971இல் அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்ற அணியில் ஆடியவர் என்பதை நினைத்துப் பாருங்கள்!

எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. அன்று ஆட்டக்காரர்களின் வருமானம் அப்படி. 1968இல் வீரர்கள் சங்கத்துக்கும் அணி உரிமையாளர்களுக்கும் இடையே முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 6,000 டாலர்தான். அந்த ஒப்பந்தம்தான் அதை 10,000 ஆக்கியது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரரை அணி விடாது என்ற நிலை 1975 டிசம்பரில் வந்த நடுவர் தீர்ப்புக்குப் பிறகே தகர்ந்தது. அதுவரை ஆட்டம் இல்லாத மாதங்களில் வேறு வேலை பார்க்கத்தான் வேண்டும். யாங்கீஸ் அணியின் நட்சத்திரங்களான யோகி பெர்ராவும் ஃபில் ரிசூட்டோவும்கூட ஒரு குளிர்காலத்தில் நுவார்க் நகரத் துணிக்கடையில் வேலை பார்த்தார்கள். அட்டை எழுதியவர்கள் சுவைக்காகச் சேர்த்த ஒற்றை வரி, இன்று நமக்குத் தொழிலாளர் வரலாறாகக் கிடைக்கிறது.

இந்தப் பின்பக்கம் எப்படி உருவானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த புகழ்பெற்ற அட்டைகளில் பின்பக்கம் முழுவதும் புகையிலை விளம்பரம். 1911இல் தங்கநிற ஓரத்தோடு வந்த வரிசையில் வீரர் குறிப்பு இடம்பெற்றது. 1933இல் கவுடி நிறுவனம் சூயிங்கத்தோடு தந்த அட்டைகளிலும் குறிப்பு உண்டு. 1952இல் டாப்ஸ் நிறுவனத்தின் சை பெர்கர், 407 அட்டைகள் கொண்ட வரிசையில் வீரரின் கடந்த ஆண்டு ஆட்டக் கணக்கையும் வாழ்நாள் கணக்கையும் சேர்த்தார். 1957இல் ஆண்டுவாரியான முழுப் பட்டியலே வந்துவிட்டது. புதிய வீரருக்கு அந்தப் பட்டியலில் இரண்டு வரிதானே இருக்கும்? மிச்ச இடத்தைக் கார்ட்டூனும் துணுக்கும் நிரப்பின.

1964 டாப்ஸ் அட்டை எனக்கு மிகவும் பிடித்தது. பின்பக்கத்தில் ஒரு கேள்வி. விடை இருக்கும் கட்டம் வெறுமையாகத் தெரியும். நாணயத்தின் விளிம்பால் தேய்த்தால் விடை மேலெழும். தேய்க்காத அட்டைக்குத்தான் இன்று விலை அதிகம். ஆனால் தேய்த்த அட்டையில் ஒரு குழந்தையின் ஆவல் பதிந்திருக்கிறது. என் கண்ணுக்கு அதுவே உயர்ந்தது.

நம்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். எண்களைப் பெரும்பாலும் நம்பலாம். பெயர்களில் எச்சரிக்கை தேவை. 1953இல் புகழ்பெற்ற பந்துவீச்சாளர் சாட்சல் பெய்ஜின் பெயரிலேயே ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள். அது கைப்பிழை. ராபர்ட்டோ கிளெமெண்டேவுக்கு நடந்ததை அப்படி விட்டுவிட முடியாது. ஸ்பானிய மொழி பேசும் போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்த அவர், தன்னை ராபர்ட்டோ என்றே அழைக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். 1955, 1956 அட்டைகளில் சரியாக இருந்த பெயரை 1957 முதல் 1969 வரை 'பாப்' என்ற ஆங்கிலச் சுருக்கப் பெயராகவே அச்சிட்டார்கள். அட்டையைப் பார்த்து வளர்ந்த சிறுவனுக்கு அவர் 'பாப்'தானே! பழைய அட்டையைப் படிக்கும்போது, எழுதியவர் யாருடைய வசதிக்காக எழுதினார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்டை சொல்லியிருக்கவே முடியாததும் உண்டு. 1933 கவுடி வரிசையின் 158ஆம் எண் மோ பெர்க். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் உட்படப் பல மொழிகள் படித்த கேட்சர், அதாவது மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர். அட்டை வந்த பிறகு, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவுக்காக உளவு பார்த்தவர். பின்னாளில் அவருடைய அட்டை அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் தலைமையகத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டது.

நீங்கள் சேகரிக்கத் தொடங்கினால் 1973 டாப்ஸ் வரிசையின் 50ஆம் எண்ணைத் தேடுங்கள். ஹெப்னரின் அணித்தோழரான அதே கிளெமெண்டே. இப்போது பெயர் ராபர்ட்டோ. நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவிப் பொருள்கள் கொண்டுசென்றபோது, 1972 டிசம்பர் 31 அன்று விமான விபத்தில் இறந்துவிட்டார். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கடைசி ஆண்டின் வரியில் 118 ஹிட்கள், அதாவது பந்தை அடித்து முதல் தளத்தையாவது எட்டிய தடவைகள். அதற்குக் கீழே மொத்தம், சரியாக 3,000.