ஒன்றுமே இல்லாததை நினைத்துப் பார்க்க முடியுமா?

நேயர்களுக்கு வணக்கம். கையிலுள்ள வேலையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு எனக்காக ஒன்று செய்யுங்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும் வேண்டாம். கண்ணை மூடுங்கள். என்ன தெரிகிறது? கறுப்பு என்பீர்கள், ஆனால் கவனித்துப் பார்த்தால் முழுக் கறுப்புகூட இல்லை, சாம்பல் கலந்த ஒரு நிறம், அதில் பொடிப்பொடியாக ஏதோ மினுக்கிக்கொண்டிருக்கும். சரி, திறந்துவிடுங்கள். இப்போது தலையைத் திருப்பாமல் நேராகப் பார்த்துக்கொண்டே, உங்கள் தலைக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள். அங்கே கறுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. பார்வை எங்கேயோ முடிகிறது, ஆனால் முடிகிற இடத்தில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை.

ஒன்றுமில்லாமையை மனிதனால் புரிந்துகொள்ள முடியுமா என்று பேசக் கூப்பிட்டபோது எனக்கு முதலில் தோன்றியது இந்த வித்தியாசம்தான். ஒன்றுமில்லை என்றதும் நம் மனம் நேராக இருட்டுக்குப் போகிறது. கண் விழிப்பாக வேலை செய்துகொண்டிருந்தால்தானே இருட்டே தெரியும்?

நம் நாட்டுத் தர்க்கக்காரர்கள் இதை விடாமல் பிடித்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய உதாரணம் ரொம்பச் சாதாரணமானது: தரையில் குடம் இல்லை. அறைக்குள் போகிறீர்கள், பார்க்கிறீர்கள், குடம் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிந்தது? கண்ணில் பட்டது வெறுந்தரை, 'இல்லை' எந்த வழியாக உள்ளே வந்தது? அதுவும் கண்ணால் காண்பதுதான் என்றார்கள் நியாயம் என்ற தர்க்க மரபினர். வேதத்துக்குப் பொருள் சொல்லும் மீமாம்சை மரபில் குமாரில பட்டரின் வழிவந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, ஒன்று கண்ணில் படாமல் இருப்பதே தனியான ஓர் அறிவுவழி என்று சொல்லி அதற்கு அனுபலப்தி என்று பெயரும் வைத்தார்கள். அதே மீமாம்சையில் பிரபாகரரின் வழியினரோ, இல்லாமை என்று தனியாக எதுவும் கிடையாது, வெறுந்தரையைத்தான் அப்படிச் சொல்கிறோம் என்று விஷயத்தை முடித்துவிட்டார்கள். எனக்கு மனம் நியாய மரபின் பக்கம்தான் சாய்கிறது, ஏனென்றால் சாவு விழுந்த வீட்டுக்குள் நுழைகிறவருக்கு அங்கே ஒருவர் இல்லாதது உடனே உறைக்கிறது, யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை.

அந்த மரபு இன்னொன்றையும் சொல்கிறது, எனக்கு முக்கியம் அதுதான். எந்த இல்லாமைக்கும் இரண்டு வேண்டும். எது இல்லை என்று சொல்ல ஒரு பொருள், எங்கே இல்லை என்று சொல்ல ஓர் இடம். குடமும் வேண்டும், தரையும் வேண்டும். அப்புறம், பார்க்க ஓர் ஆளும் வேண்டும். இப்போது குடத்தை எடுத்துவிடுங்கள், தரையை எடுத்துவிடுங்கள், வீட்டை, ஊரை, வானத்தை எடுத்துவிடுங்கள், கடைசியில் எடுத்துக்கொண்டிருந்த உங்களையும் எடுத்துவிடுங்கள் என்றால் அங்கேதான் நாம் மாட்டிக்கொள்கிறோம், எல்லாம் போன பிறகும் ஓர் ஓரத்தில் நின்று அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்சனும் 1907-இல் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்.

பூஜ்யத்தைக் கண்ட நாட்டுக்காரர்களுக்கு இதிலென்ன கஷ்டம் என்று யாராவது கேட்கலாம். கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628-லேயே பூஜ்யத்தைக் கூட்டவும் கழிக்கவும் விதி எழுதியவர், அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் குவாலியர் கோட்டையில் 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, கோயிலுக்கு விட்ட பூந்தோட்டத்தின் ஒரு பக்கத்து அளவை 270 என்று அதில் வெட்டியிருக்கிறார்கள், நாள்தோறும் கொடுக்கவேண்டிய மாலைகள் 50 என்றும் இருக்கிறது. அந்தச் சின்ன வட்டம் என்ன சொல்கிறது? ஒன்றாம் இடத்தில் எதுவும் இல்லை என்கிறது. இடம் இருக்கிறது. திரும்பவும் தரையும் குடமும்தான்.

சிதம்பர ரகசியத்தையும் சொல்லாமல் விட முடியாது. திரையை விலக்கினால் உருவம் கிடையாது, தங்க வில்வ மாலைகள் தொங்குகின்றன. 'ஒன்றுமில்லை என்பதுதான் ரகசியம்' என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன், அதை நான் ஏற்கவில்லை, அங்கே வழிபடப்படுவது ஆகாயம், அது ஐம்பூதங்களில் ஒன்று, இல்லாத பொருளாக அதை யாரும் கும்பிடவில்லை.

ஐரோப்பாவில் இந்தச் சண்டை வேறு மாதிரி நடந்தது. வெற்றிடம் என்பதே இருக்க முடியாது என்று அரிஸ்டாட்டில் சொன்னதை வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1644-இல் டாரிசெல்லி என்ற இத்தாலிய அறிவியலாளர் எழுதிய கடிதத்தில் ஒரு சோதனை வருகிறது. ஒருபக்கம் மூடிய நீளமான கண்ணாடிக் குழாய் நிறையப் பாதரசம் ஊற்றி, விரலால் வாயைப் பொத்தி, பாதரசம் உள்ள கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தி விரலை எடுத்தால், பாதரசம் கொஞ்சம் இறங்கி ஏறக்குறைய 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடுகிறது. அதற்குமேல் குழாயில் இருப்பது என்ன? பெரிய பெரிய ஆட்களெல்லாம் அந்தச் சில அங்குல வெறுமையை வைத்து அடித்துக்கொண்டார்கள். 1660-இல் ராபர்ட் பாயில் என்ற அறிவியலாளர் கண்ணாடிப் பாத்திரத்துக்குள் ஒரு கடிகாரத்தைத் தொங்கவிட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்தார், டிக்டிக் சத்தம் தேய்ந்து தேய்ந்து கேட்காமலே போனது, கடிகாரம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அப்படியென்றால் ஒளி அதற்குள் போய் வருகிறது. காற்றுதான் அங்கே இல்லை. இன்னும் ஒரு படி போனால், 1948-இல் காசிமிர் என்ற டச்சு இயற்பியலாளர், வெற்றிடத்தில் இரண்டு உலோகத் தகடுகளை மிக மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார், பிறகு 1997-இல் அளந்தும் காட்டினார்கள். காலி செய்த இடத்திலும் ஏதோ நடக்கிறது. அதனால் ஒன்றுமில்லாமையிலிருந்து பிரபஞ்சம் வந்தது என்று யாராவது எழுதினால், அந்த ஒன்றுமில்லாமையில் இயற்பியல் விதிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

இதெல்லாம் எதற்கு என்றால், ராத்திரி தூக்கம் வராமல் இதை நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நானும் அப்படிப் படுத்திருந்திருக்கிறேன். செத்தபிறகு என்றென்றைக்கும் இருட்டு, தனிமை, கூப்பிட்டாலும் யாரும் வரமாட்டார்கள் என்று வரும் பயம். எனக்கு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். மருந்து கொடுத்தவர் ஊர் பெயரைக் கேட்டார், சொன்னேனா இல்லையா தெரியாது, அடுத்து நர்ஸ் 'முடிஞ்சிடுச்சு, கண்ணைத் தொறங்க' என்கிறார். நடுவில் இருட்டு இல்லை. காத்திருப்பும் இல்லை. தூங்கி எழுந்தால் கொஞ்ச நேரம் போயிருக்கிறது என்று உடம்புக்குத் தெரியுமே, அதுகூட இல்லை. தலைக்குப் பின்னால் எதுவும் தெரியாமல் இருக்கிறதே, அதுதான் இதற்குக் கிட்டத்தில் வருகிறது. மரணம் இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல நான் யார், அதற்கப்பால் வேறு உண்டு என்று நம்புகிறவர்களோடு எனக்கு வழக்கும் இல்லை. ஆனால் நாம் பயப்படுகிற அந்த இருட்டறையில் பயப்பட ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார், அந்த ஆள் நாம் கொண்டுபோய் வைத்தவர். ஒன்றுமில்லாமையை நம்மால் படமாக்க முடியாது, மனசில் வருகிற படம் தப்பு என்று கண்டுபிடிக்க முடியும், அதையும் நான் புரிதல் என்றே சொல்வேன்.

பேத்தி கல்யாணத்தைப் பார்க்காமல் போய்விடுவோமே என்று ஒரு பாட்டி கலங்கினால் அது வேறு. அங்கே கல்யாணக் கூடம் இருக்கிறது, பேத்தி இருக்கிறாள், பாட்டிதான் இல்லை. அந்தக் கவலை நிஜமான ஒன்றைப் பற்றியது, அதைத் தர்க்கம் பேசி நான் கரைக்க மாட்டேன்.

நன்றி, வணக்கம்.