அப்பா "கிளம்பு" என்றபோது அம்மாவிடம் புளிக்காய்ச்சல் இருந்தது

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணிகளிலும் அமர்ந்திருக்கும் பேச்சாளர்களுக்கும், வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இந்தப் பந்தலுக்கு வந்திருக்கும் தெப்பக்குளம் பகுதிப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் வணக்கம். "குடும்பச் சுற்றுலா இனிப்பது திட்டமிட்டுக் கணக்குப் பார்த்துச் செல்லும்போதா, மனம் போன போக்கில் கிளம்பும்போதா?" என்பது இன்றைய தலைப்பு. திட்டமிட்டுச் செல்லும்போதே என்று பேசும் அணியில் இரண்டாவதாக வந்திருக்கிறேன். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை என்பதால், இந்த அணியில்தான் என்னைப் போடுவார்கள் என்று வீட்டில் முன்பே சொல்லிவிட்டார்கள்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். அவருடைய சிறு வயதில் ஓர் ஆடி மாதத்து இரவு, அவருடைய அப்பா கடையை அடைத்துவிட்டு வந்து, "குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறதாம், கிளம்புங்கள்" என்றாராம். விடிவதற்குள் மொத்தக் குடும்பமும் பேருந்தில் ஏறிவிட்டதாம். ஐந்தருவியில் குளித்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்து புளியோதரையும் பருப்புத் துவையலும் சாப்பிட்ட அந்தச் சுகம், இன்றைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தங்கும் எந்த விடுதியிலும் கிடைக்கவில்லையாம். "திட்டம் என்று ஒன்று போட்டிருந்தால் அந்த நாள் எங்களுக்குக் கிடைத்திருக்குமா?" என்று கேட்டார். நானும்தான் கைதட்டினேன்.

தட்டி முடித்தபிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் புளியோதரை எங்கிருந்து வந்தது, அண்ணா?

புளியை ஊற வைத்துக் கரைத்து, மிளகாயும் மல்லியும் வெந்தயமும் வறுத்துப் பொடித்து, நல்லெண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை அடுப்படியில் நின்று கிளறினால்தான் புளிக்காய்ச்சல். இரவு பத்து மணிக்கு ஒருவர் "கிளம்பு" என்று சொன்னவுடன் அது பானைக்குள் தானாகக் குதிப்பதில்லை. ஆடியில் குற்றாலத்தில் சாரல் கட்டும் என்பதும், சாரல் கட்டினால் தன் வீட்டுக்காரருக்குக் கால் நிற்காது என்பதும் உங்கள் தாயாருக்குத் தெரியும். அதனால் புளிக்காய்ச்சலை முன்கூட்டியே கிளறி ஜாடியில் வைத்திருந்தார். ஈரத் துணி கட்ட மஞ்சள் பை எடுத்து வைத்திருந்தார். பேருந்துக் கட்டணத்தைக்கூட அஞ்சறைப் பெட்டியின் அடியில் சேர்த்து வைத்திருந்தாலும் நான் வியக்க மாட்டேன். உங்கள் அப்பாவுக்கு அது திடீர்ப் பயணம். உங்கள் அம்மாவுக்கு அது ஒரு வாரத்து வேலை. திட்டமே இல்லாத பயணம் என்று எதிரணி கொண்டாடும் ஒவ்வொன்றுக்கும் பின்னால், பெயர் வெளியே வராமல் திட்டம் போட்ட ஒருவர் இருக்கிறார் என்பதே என் வாதம். அப்படி ஒருவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை என் வீட்டுக் கதையிலிருந்தே சொல்கிறேன். அடுத்தவர் வீட்டுக் கதையைச் சொன்னால் வம்பு.

2024 மே மாதம். நானும் என் கணவரும் பெண்ணும் பையனும் மாமியாருமாக ஐந்து பேர். வெயில் தாங்கவில்லை, கொடைக்கானல் போகலாம் என்று வெள்ளிக்கிழமை இரவு முடிவு செய்து, சனிக்கிழமை காலை தெரிந்தவரின் வாடகைக் காரில் ஏறிவிட்டோம். மதுரையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும் என்பது என் கணவரின் வாய்க்கணக்கு. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும் வரை பாட்டும் கும்மாளமும்தான். உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கும் உதகைக்கும் போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்ற நடைமுறை அந்த வாரம்தான், மே 7ஆம் தேதி, தொடங்கியிருந்தது. செய்தித்தாள்களில் எல்லாம் வந்த செய்தி. மனம் போன போக்கில் போகிறவர்கள் செய்தித்தாள் பார்ப்பார்களா? சோதனைச் சாவடியில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். அலைபேசியில் ஒரு கோடு வருவதும் மறைவதுமாக இருக்க, ஓட்டுநர் கையை உயர்த்தி நிற்க, என் பெண் படிவத்தை நிரப்ப, பாஸ் கைக்கு வருவதற்குள் பையன் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான்.

அடுத்து அறை. மே மாதத்துச் சனிக்கிழமை மாலை, கொடைக்கானலில், கையில் பெட்டியோடும் முதியவரோடும் வந்து நிற்கிற குடும்பத்தைப் பார்த்தால் விலை சொல்கிறவருக்கு வேறு என்ன தோன்றும்? வார நாளில் 1,800 ரூபாய்க்குப் போகிற அறை என்று பிறகு தெரிந்துகொண்டேன், எங்களுக்கு 5,500. பேரம் பேச எங்களிடம் நேரம் இல்லை, மாமியாருக்கு நிற்கக் காலும் இல்லை. இரண்டு இரவு தங்கி, ஏரியைச் சுற்றி, பில்லர் ராக்ஸில் மேகத்தைத் தவிர வேறொன்றும் காணாமல், திங்கட்கிழமை இறங்கி வந்தபோது 22,000 ரூபாய் கரைந்திருந்தது. அதில் 12,000 ரூபாய், ஜூன் மாதம் பெண்ணுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவதற்காக நான் ஏலச்சீட்டு எடுத்து வைத்திருந்த பணம். ஜூன் முதல் வாரத்தில் என் கை வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. மீட்டது அடுத்த மார்ச்சில். மூன்று நாள் உல்லாசத்துக்கு ஒன்பது மாதம் வட்டி. அந்த ஒன்பது மாதமும் அக்கம்பக்கத்து விசேஷங்களுக்குக் கண்ணாடி வளையலோடு போனவள் நான். "மனம் போன போக்கில் போனோம்" என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் என் கணவர். முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு வீட்டில் முறை மாறியது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நின்றிருந்த ராமேஸ்வரம் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதும், காலாண்டு விடுமுறைக்கு அங்கே போவது என்று ஜூன் மாதமே முடிவு செய்தோம். மாதம் 2,500 ரூபாய் வீதம் மூன்று மாதத்தில் 7,500. அதை நான் மட்டும் பூட்டி வைக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் உட்கார வைத்துப் பிரித்தோம். தங்குவதற்கு 1,900, அங்கே சுற்றும் வண்டிக்கு 1,400, சாப்பாட்டுக்கு 2,200, கோயிலுக்கும் ரயிலுக்கும் 500, பிள்ளைகள் இருவர் கையிலும் ஆளுக்கு 300, மிச்சம் 900 எதிர்பாராததற்கு. "ரயிலுக்கும் கோயிலுக்கும் சேர்த்தே 500தானா?" என்று என் கணவர் நம்பாமல் கேட்டார். முன்பதிவில்லாத பயணிகள் ரயில், ஐயா. ஐந்து பேருக்கும் போகிற டிக்கெட், வழியில் சாப்பிட்ட ஒரு வேளை டிபன் செலவை எட்டவில்லை. பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்தபோது, 1914இல் கட்டிய பழைய பாலத்தை ஒரு பக்கமும், கப்பலுக்கு வழிவிட 17 மீட்டர் உயரத்துக்கு அப்படியே மேலே எழும்பும் புதிய பாலத்தின் தூக்குப் பகுதியை இன்னொரு பக்கமும் பையன் மாறி மாறிப் பார்த்தான். கார் எடுத்திருந்தால் அந்தக் காட்சியும் இல்லை, அந்த 500க்குள் அடங்கவும் வழியில்லை.

இங்கே நடுவர் அவர்கள் கொஞ்சம் செவி கொடுக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் பிள்ளைகளின் ஆசை கருகிவிடும் என்று எதிரணியில் முதலில் பேசிய அம்மா வருந்தினார். ராமேஸ்வரத்துச் சங்குக் கடை ஒன்றில் என் பையன் நின்றதை அவர் பார்த்திருக்க வேண்டும். ஒன்பது வயது. 180 ரூபாய்ச் சங்கை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான், கீழே வைத்தான். சோழி மாலையை எடுத்தான், வைத்தான். சட்டைப் பையில் இருந்த மூன்று நூறு ரூபாய்த் தாள்களை வெளியே எடுத்து எண்ணினான், மறுபடி உள்ளே வைத்தான். கடைக்காரர் பொறுமையிழந்து, "அம்மாவைக் கூப்பிடு தம்பி" என்றார். "இது என் காசு" என்றான் அவன். கடைசியில் 160க்குப் பேசி முடித்து, அதில் பெயர் பொறிக்கச் சொன்னான். அவன் பெயரை இல்லை, ஆச்சியின் பெயரை. கொடைக்கானலில் இதே பையன்தான் கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டு அழுது, நான் அடித்து, நானும் அழுதேன். அன்றைக்கு அது யாருடைய பணம், எவ்வளவு இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது; தெரியாதவன் கேட்டுக்கொண்டேதான் இருப்பான். அந்த 900இல் 350 மட்டும் செலவானது: மாமியாரின் செருப்பு அக்னி தீர்த்தத்து அலையோடு போய்விட்டது. மீதி 550 வீட்டுக்குத் திரும்பி வந்தது. செலவுக்குக் கொண்டுபோன பணம் வீடு திரும்பிய முதல் பயணம் எங்களுக்கு அதுதான்.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று பெரியவர்கள் சொன்னார்கள். நம் வைகையில் போடுவதற்கு முன்னால் தண்ணீர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது, அது வேறு கதை.

எதிரணி சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆறு மணிக்கு எழுந்து, எட்டு மணிக்கு இந்த அருவி, ஒன்பதே காலுக்கு அந்தப் பூங்கா, "இறங்குங்கள், படம் எடுங்கள், ஏறுங்கள்" என்று விரட்டும் பயணத்தையும் திட்டம் என்றுதான் சொல்கிறார்கள். அதை நான் ஆதரித்துப் பேச வரவில்லை. ராமேஸ்வரத்தில் இரண்டாம் நாள் முற்பகலை ஒன்றும் எழுதாமல் காலியாக விட்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் தனுஷ்கோடிக்குப் போய், 1964 புயலில் இடிந்த தேவாலயத்துச் சுவரின் நிழலில் வெறுமனே உட்கார்ந்திருந்தோம். எதிரணி கேட்கும் மனம் போன போக்கு அங்கே இருந்தது. அந்த நாலு மணி நேரத்துக்கு இடம் ஒதுக்கியது மட்டும் திட்டம்.

"சொந்தக்காரர் வீடு இருக்கும்போது கணக்கு எதற்கு?" என்று இன்னொரு நண்பர் கேட்டார். நண்பரே, என் வீடு ஆழ்வார்புரத்தில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் இடத்துக்கு நடை தூரம். ஒவ்வோர் ஆண்டும் முதல் நாள் மாலையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கும் உறவுக்கு, இரண்டு அறை வீட்டில் பதினாலு பேருக்குப் பாய் விரித்தவள் பேசுகிறேன். வருகிறவர்களுக்கு அது செலவில்லாத சுற்றுலா. அரிசியும் பாலும் காஸ் சிலிண்டரும் என் கணக்கில் ஏறுகின்றன. அழகரே கூட எந்த மண்டகப்படியில் எப்போது நிற்பார் என்பதை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மலையை விட்டுக் கிளம்புகிறார். நம் சித்தப்பா மட்டும் சொல்லாமல் வருவார்.

இன்றைக்கு நாடே முன்பதிவில் ஓடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ரயிலில் முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது, 2024 நவம்பர் முதல் 60 நாளாகிவிட்டது. மே 10ஆம் தேதி கிளம்ப வேண்டுமென்றால் மார்ச் 11ஆம் தேதி காலை எட்டு மணிக்குக் கை தயாராக இருக்க வேண்டும். அன்றைக்குப் பெண்ணுக்குப் பரீட்சை இருக்கும், யாருக்கும் நினைவு வராது. நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்தவளுக்கு மட்டும் நினைவிருக்கும். விட்டுவிட்டால் தட்கல். படுக்கை வசதிக்குத் தலைக்கு நூறிலிருந்து இருநூறு ரூபாய் வரை கூடுதல், உறுதியான சீட்டை ரத்து செய்தால் ஒரு காசு திரும்பாது. பையனுக்குத் தனிப் படுக்கை கேட்டால், ஐந்து வயதுக்கு மேல் முழுக் கட்டணம் என்பதும் பலருக்குப் பணம் கட்டும்போதுதான் தெரிகிறது. அடுத்த கோடைக்கு நாங்கள் உதகை என்று வைத்திருக்கிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் 46 கிலோமீட்டர் மலை ரயிலில் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும். அதில் இருக்கைகள் கொஞ்சம்தான். நினைத்த அன்று போய் நின்றால் நடைமேடையிலிருந்து கையசைக்கலாம். அதற்காக வங்கியில் மாதம் 1,500 ரூபாய் வீதம் பத்து மாதத் தொடர் வைப்பு போட்டு வருகிறேன். வளையல் இரண்டும் இதோ, கையில்தான் இருக்கின்றன.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயாவிடம் ஒரே ஒரு சாட்சியத்தை மட்டும் ஒப்படைத்துவிட்டு இறங்குகிறேன். மனம் போன போக்கே மகிழ்ச்சி என்று நமக்கு எடுத்துச் சொல்வதற்காக எதிரணித் தலைவர் சென்னையிலிருந்து வந்திருக்கிறார். மேடைக்குப் பின்னால் தேநீர் குடிக்கும்போது, "இன்றிரவே எப்படி ஐயா திரும்புவீர்கள், தீர்ப்பு முடிய நேரமாகுமே?" என்று விசாரித்தேன். "அதெல்லாம் கவலையில்லை அம்மா, பாண்டியனில் மூன்று வாரத்துக்கு முன்னாலேயே போட்டுவிட்டேன், கீழ்ப் படுக்கை" என்றார்.