பதினொரு மணிக்கு அடித்த மணி

நேயர்களுக்கு வணக்கம். "லண்டனில் பதினெட்டு வருடம் இருந்தீர்களே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றுதான் நிலையத்திலிருந்து கேட்டார்கள். பாலத்தையும் அரண்மனையையும் எல்லோரும் படத்தில் பார்த்தாகிவிட்டது, நான் அங்கே அதிக நேரம் உட்கார்ந்திருந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறேனே என்றேன். எந்த இடம் என்றார்கள். பப் என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, பார்த்துப் பேசுங்கள்" என்றார்கள். பார்த்துத்தான் பேசப்போகிறேன்.

1998-இல் வேலைக்குப் போன முதல் வெள்ளிக்கிழமையே அலுவலகத்தில் கூடவே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்த பார் என்பது நம் ஊர் பார். முகம் தெரியாத இருட்டு, ஈரத் தரை, பிளாஸ்டிக் டம்ளர், சீக்கிரம் முடித்துவிட்டு வெளியேறும் அவசரம். இங்கே கதவைத் திறந்தால் மஞ்சள் விளக்கு, தரைவிரிப்பு. மூலையில் ஒரு பாட்டி குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார், காலடியில் அவருடைய நாய் தூங்குகிறது. கடை மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தேன்.

அன்று ஒரு பெரிய தப்புப் பண்ணினேன். ஆளாளுக்கு எழுந்து போய் எல்லோருக்கும் சேர்த்து வாங்கி வந்தார்கள். அடடா, என்ன தாராளம் என்று மூன்று கிளாஸ் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமை ஒரு நண்பர் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். அதற்கு 'ரவுண்டு' என்று பெயர். இன்று அவர் வாங்கினால் அடுத்தது நீ. யாரும் கணக்கு எழுதிவைப்பதில்லை, ஆனால் யாரும் மறப்பதுமில்லை. நம் ஊர் மொய் மாதிரிதான், நோட்டு மட்டும் கிடையாது. அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் நான் வாங்கினேன்.

அங்கே இன்னொரு வேடிக்கை. பஸ்ஸுக்கு மூன்று பேர் நின்றாலும் வரிசை கட்டும் மக்கள், பப்பில் பீர் ஊற்றித் தரும் மேடைமுன் வரிசையே கட்ட மாட்டார்கள். மொத்தமாகச் சாய்ந்து நிற்பார்கள். யார் முதலில் வந்தார், யார் அடுத்து என்பது மேடைக்குப் பின்னால் இருப்பவரின் மனதில் இருக்கும். உங்கள் முறை வந்தால் புருவத்தை லேசாக உயர்த்துவார். கையை ஆட்டிக் கூப்பிட்டீர்களோ, அவ்வளவுதான், உங்களுக்குக் கடைசியில்தான். அந்தப் புருவத்தைப் படிக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

சரி, இடங்களுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது புளூம்ஸ்பரி பகுதியில் இருக்கும் 'தி லாம்ப்'. வெளியே பச்சை ஓடு பதித்த பழைய பப். உள்ளே மேடை நெடுக, முகத்தின் உயரத்துக்குச் சின்னச் சின்னக் கண்ணாடிச் சன்னல்கள் இருக்கும். விக்டோரியா காலத்துக் கனவான்கள் தாங்கள் குடிப்பது மற்றவர் கண்ணில் படக்கூடாது என்று வைத்தது. வேண்டுமென்றால் திருப்பித் திறக்கலாம், கிளாஸை வாங்கிக்கொண்டு மூடிவிடலாம். நம் ஊரில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு சாராயக் கடைக்குப் போவதை அவர்கள் கண்ணாடியில் செய்துவைத்திருக்கிறார்கள்!

அங்கே கிடைக்கும் 'பிட்டர்' என்ற பீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நிலவறையில் இருக்கும் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இழுப்பார்கள், நம் தெரு அடிபம்பு போலவே. பன்னிரண்டு டிகிரி வாக்கில்தான் இருக்கும், ஐஸ் கிடையாது. முதல் வாய் குடித்ததும் யாரோ மிச்சம் வைத்ததோ என்று சந்தேகம் வந்தது. பழகினபின் ஜில்லென்ற பீரில் ருசியே தெரியவில்லை. ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. அளவு குறைந்தால் தைரியமாகத் திருப்பிக் கொடுக்கலாம்.

ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் கூட்டிப்போனது சவுத்வார்க்கில் உள்ள 'தி ஜார்ஜ் இன்'. 1676-இல் அந்தப் பகுதி எரிந்தபின் மறு வருடம் திரும்பக் கட்டியது. அந்தக் காலத்தில் குதிரைக் கோச்சு வண்டிகள் வந்து நின்ற முற்றம், அதைப் பார்த்தபடி மாடியில் மரத் தாழ்வாரம். முன்பு மூன்று பக்கமும் இருந்ததாம். ரயில்வேக்காரர்கள் 1889-இல் இடித்தது போக ஒரு பக்கம்தான் மிச்சம். என் சித்தப்பா அங்கே உட்கார்ந்து எலுமிச்சை சோடா குடித்துவிட்டு, "திண்ணை வீடு மாதிரியல்லவா இருக்கு" என்றார்.

சவுத்ஹாலில் 'கிளாஸி ஜங்ஷன்' என்று ஒரு பஞ்சாபி பப் இருந்தது. அங்கே இந்திய ரூபாயையும் வாங்கிக்கொள்வார்கள். ஊரிலிருந்து திரும்பியபோது பர்ஸில் தங்கிப்போன நோட்டைக் கொடுத்து ஒரு பைண்ட் வாங்கினேன். கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். ஆனால் லண்டனில் காந்தி படம் போட்ட நோட்டு செல்லுபடியானது என்ற சந்தோஷத்துக்கு அது ஒன்றும் அதிகமில்லை. 2012-இல் மூடிவிட்டார்கள்.

ஆனால் இத்தனை இடங்களையும் தாண்டி என் நினைவில் நிற்பது ஒரு சத்தம். மேடை ஓரத்தில் ஒரு பித்தளை மணி தொங்கும். நான் போன காலத்தில் இரவு பதினொன்றுக்குக் கடை மூடியாக வேண்டும். பத்து நிமிடம் முன்னால் ஒரு தடவை அடிப்பார்கள், வாங்குவதென்றால் கடைசியாக வாங்கிக்கொள் என்று. பதினொன்றுக்கு மறுபடி அடித்தால் விற்பனை முடிந்தது. கையில் இருப்பதைக் காலிசெய்ய இருபது நிமிடம். முதல் உலகப்போரில் ஆயுதத் தொழிற்சாலை ஆட்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள் என்று நேரத்தைக் குறைத்தார்கள். போர் முடிந்தது, கட்டுப்பாடு முடியவில்லை. மத்தியானம் கடையை மூடும் விதி 1988 வரை இருந்தது.

2005 நவம்பரில் புதுச் சட்டம் வந்து, அனுமதி வாங்கினால் கூடுதல் நேரம் திறக்கலாம் என்றார்கள். எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கென்னவோ பிடிக்கவில்லை. மணி அடிக்கும் என்று தெரிந்ததால்தான் பேச வேண்டியதைப் பேசி முடித்தோம். பாதிக் கதையில் மணி அடித்தால் சொல்பவர் அவசரமாக முடிவுக்கு வருவார், அதுவே பாதிச் சிரிப்பு. 2007 ஜூலையில் புகைபிடிக்கத் தடை வந்தது, அது நல்லதுதான். ஆனால் புகை போனபின்தான் அந்தத் தரைவிரிப்பு எப்படி நாறுகிறது என்று தெரிந்தது!

வால்தம்ஸ்டோவில் என் வீட்டுத் தெருமுனைப் பப்பில் மட்டும் அதை நடத்திய அம்மாள் பழைய நேரத்தை மாற்றவே இல்லை. எனக்கும் தூங்க வேண்டாமா என்பார். 2016-இல் ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் போயிருந்தேன். பத்து ஐம்பதுக்கு மணிக் கயிற்றை என் கையில் கொடுத்து, "இன்று நீ அடி, லவ்" என்றார், நம் ஊரில் 'கண்ணு' என்பதுபோல. பதினெட்டு வருட ஆசை. உற்சாகத்தில் ஓங்கி இரண்டு தடவை அடித்துவிட்டேன். இரண்டு தடவை என்றால் கடை மூடியாயிற்று என்று அர்த்தம். பாதிக் கிளாஸோடு இருந்தவர்கள் அத்தனை பேரும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரே குரலில் கத்தினார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் நான்தான் ரவுண்டு வாங்க வேண்டியதாயிற்று.

வணக்கம்.