காருக்குப் பாட்டும் காவலும் பொருத்திய காலம்

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரையில் கார்களுக்கு மின்வேலை செய்து பிழைத்தவன் நான். பேட்டரி, டைனமோ, ஹெட்லைட் எல்லாம் பார்த்தாலும் என் மனம் ஒட்டிக்கொண்டது கார் ஸ்டீரியோவிலும், அதற்குக் காவலாக வந்த அலாரத்திலும்தான்.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, பிறகு 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 எல்லாமே பெரும்பாலும் பாட்டுப்பெட்டி இல்லாமல்தான் வீட்டுக்கு வந்தன. வண்டி வாங்கியவர் நேரே எங்களிடம் வருவார். செட்டின் முகப்பளவு 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மனியில் வகுத்த அந்த அளவை உலகமே ஏற்றுக்கொண்டது. அங்குள்ள தர அமைப்பின் பெயரால் நாங்கள் ‘டின்’ (DIN) சைஸ் என்போம். பயனியரோ, கென்வுட்டோ, சோனியோ, எந்தக் கம்பெனி செட்டானாலும் அந்த இடத்தில் உட்காரும். இடமே இல்லாத வண்டியில் டாஷ்போர்டுக்குக் கீழே இரும்புப் பட்டை அடித்துத் தொங்கவிடுவோம். காரை விற்கும்போது செட்டைக் கழற்றி அடுத்த காரில் மாட்டிக்கொள்வார்கள். செட்டு வண்டிக்குச் சொந்தமில்லை, மனிதருக்குச் சொந்தம். இதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

மஞ்சள் வயர் நேராக பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு பாடிக்கு. மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்தாலும் செட்டு பாடும். ஆனால் சாவியை எடுத்ததும் கடிகாரமும் பதிந்து வைத்த நிலையங்களும் அழிந்துபோகும். பின்சீட்டுக்குப் பின்னால் ஆறுக்கு ஒன்பது அங்குல முட்டை வடிவ ஸ்பீக்கர் இரண்டு. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் ஒரு காகிதக் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். தவில், மிருதங்கத்தின் அடி ஒலி காணாமல் போகும். டார்ச் லைட் செல் ஒன்றை ஸ்பீக்கர் வயர்களில் தொட்டு, கூம்பு வெளியே எழுகிறதா என்று பார்ப்போம். எழுந்தால் பிளஸ் சரி. ஒன்றரை வோல்ட் செல்லை விட நல்ல கருவி அந்த வேலைக்கு இன்றும் கிடையாது.

கேசட்டை பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்தியது. நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். 90 நிமிடக் கேசட்டில் ஏறக்குறைய 130 மீட்டர் நாடா. பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய கேசட்டுகள் சித்திரை வெயிலில் டாஷ்போர்டின் மேல் கிடந்து வளைந்துபோகும். ரப்பர் உருளை இறுகினால் நாடா உள்ளே சுருட்டிக்கொள்ளும். நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. ஹெட் இம்மி அளவு சாய்ந்தாலும் சலங்கையும் சிம்பலும் மங்கிவிடும். ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக் கேட்டபடி மெல்லத் திருப்புவோம். ஓர் இடத்தில் சலங்கை பளிச்சென்று விழும், அங்கே நிறுத்த வேண்டும். அந்த நொடியில் காருக்குள் இருந்தவரின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே நான் இந்தத் தொழிலில் இருந்தேன்.

கொடைக்கானலுக்கு வாடகைக் கார் ஓட்டியவர்கள் ஆட்டோ ரிவர்ஸ் செட்டைத்தான் கேட்பார்கள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியபின் கேசட்டைத் திருப்பிப் போட ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கக் கூடாது அல்லவா? கொடைப் பண்பலை 100.5 வந்த பிறகு கேசட்டுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. பண்பலை அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. 2,000 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து அனுப்பினால் சமவெளியில் வெகுதூரம் எட்டும். நம் மதுரைச் சாலைகளில் கார் ரேடியோக்கள் பண்பலைக்குப் பழகியதற்கு அந்த மலை ஒரு பெரிய காரணம்.

செட்டு வந்தது, திருடனும் வந்தான். முகப்பை மட்டும் கழற்றும் செட்டுகள் வந்தன. கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தவரின் சட்டைப்பையில் அந்த முகப்பு இருக்கும். அதுவும் போதாமல்தான் அலாரம். டாஷ்போர்டுக்குள் ஒரு பெட்டி, பானெட்டுக்குக் கீழே சைரன், கண்ணாடி ஓரத்தில் மினுக்கும் சிவப்பு விளக்கு. பூட்டினால் ஒரு கூவல், திறந்தால் இரண்டு. யாராவது கதவைத் திறந்தால் உள் விளக்கு எரியும், அதனால் மின்னழுத்தம் சற்றுக் குறையும். அந்தக் குறைவைக் கண்டே கத்தும் அலாரங்களும் இருந்தன. ஆறு விதமாக மாறி மாறி ஒலிக்கும் அந்த சைரன் தெருப்பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

அலாரத்தால் திருடனைப் பிடிக்க முடியாது. அது அக்கம்பக்கத்தாரை அழைக்கும், அவ்வளவுதான். மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் ஆரம்பத்தில் அழைப்பு பலித்தது. கூவியதும் கதவுகள் திறக்கும். அதிர்வு சென்சாரின் திருகை வைக்க வேண்டிய இடத்தில் வைக்க வேண்டும். உள்ளங்கையால் முன்கண்ணாடி ஓரத் தூணைத் தட்டினால் எச்சரிக்கை ஒலி மட்டும், ஓங்கிக் குத்தினால் முழு சைரன். எங்கள் தொழிலில் சிலர் அதற்குப் பொறுமை இல்லாமல் முழுதாகத் திருகிவிட்டார்கள். தீபாவளி இரவில் ஓர் அணுகுண்டு வெடித்தால் தெருவே அலறியது. லாரி போனால், பூனை குதித்தால் அலறியது. பிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நல்ல கருவியின் மேலிருந்த நம்பிக்கை அப்படிப் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

இன்று சாவிக்குள் சில்லு இருக்கிறது. அது பொருந்தாவிட்டால் என்ஜின் கிளம்பாது. சைரனை விட உறுதியான காவல் அது, மறுக்க மாட்டேன். ஆனால் பாட்டுக்கான திரை, பல கார்களில் ஏ.சி.யோடும் பின்பக்கக் கேமராவோடும் பின்னிக் கிடக்கிறது. கெட்டால் திறந்து பார்க்க வழியில்லை, கழற்றி இன்னொரு காரில் மாட்டவும் முடியாது. பழைய செட்டு அப்படியல்ல. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் டிராக்டரில் ஏறி இன்னமும் பாடுகிறது. 12 வோல்ட் கொடுத்தால் டீக்கடையிலும் பாடும்.

உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பெல்ட் பிசினாக உருகியிருக்கும்; அதைத் துடைத்துப் புதியது மாட்டச் சொல்லுங்கள். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும், பெட்ரோல் கூடாது. முதலில் வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டு ஓடவிடுங்கள். அது சிக்காமல் ஓடி முடித்த பிறகு நல்ல கேசட்டைப் போடலாம்.

வணக்கம்.